உடம்புக்குள் ஒரு வடிகால்

'ஹத்தி ரோக்' என்று மராத்தியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட சுவரொட்டிகளை நாக்பூர் வட்டாரத்தில் வாசகர்கள் பார்த்திருக்கலாம். நம் பேச்சில் யானைக்கால். அது ஒட்டப்படும் நாட்களில் ஆஷா ஊழியர்கள் வீடு வீடாக வந்து மாத்திரை கொடுப்பார்கள். நம்மவர் வீடுகளில் அந்த மாத்திரை பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துவிடும். "எங்கள் வீட்டில் யாருக்கும் யானைக்கால் இல்லையே, எதற்கு மாத்திரை?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதென்றால் நம் உடம்புக்குள் ஓடும் ஒரு வடிகாலில் இருந்து தொடங்க வேண்டும்.

டாக்டர் எழுத வேண்டியதை ரயில்வேக்காரர் எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். நான் டிப்ளமா படித்த சிவில் ஆள். சேர்ந்த காலத்தில் ஐ.ஓ.டபிள்யூ. என்றார்கள், ஓய்வு பெறும்போது சீனியர் செக்‌ஷன் என்ஜினீயர் என்றார்கள். பெயர் எதுவானாலும் ரயில்வே காலனியின் சாக்கடையும் செப்டிக் டேங்கும் என் தலையில்தான். ஆகவே வடிகால் என்ற வார்த்தை எங்கே வந்தாலும் எனக்கு ஒரு உரிமை உண்டு. மருத்துவ விவரங்களை நம் சங்கத்து டாக்டர் அன்பர் ஒருவர் படித்துப் பார்த்துக் கொடுத்தார்.

இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அது பெரிய குழாய், சிறிய குழாய் என்று பிரிந்து, கடைசியில் முடியைவிட மெல்லிய நுண்குழாய்களுக்குள் போகிறது. இந்த நுண்குழாய்களின் சுவர் கசியும் சுவர். கசிய வேண்டும் என்றே அமைந்தது. கசிகிற நீரில்தான் திசுக்களுக்கு வேண்டிய சத்து போகிறது. கசிந்ததில் ஒரு பங்கு அங்கேயே இரத்தக் குழாய்க்குள் திரும்பிவிடுகிறது என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். மிச்சம், நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர், வெளியே தங்கிவிடுகிறது. உண்மையில் இன்னும் அதிகமே இருக்கும் என்கிறார்கள் இக்கால ஆய்வாளர்கள். அந்த நீரோடு புரதமும் கசிகிறது. புரதம் நேராக இரத்தக் குழாய்க்குள் திரும்ப முடியாது.

மண் சரிவைத் தாங்கக் கட்டிய தடுப்புச் சுவரை ரயிலில் போகும்போது பாருங்கள். வரிசையாகச் சிறு ஓட்டைகள் விட்டிருப்போம். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் அதன் வழியாக வெளியேற வேண்டும். ஓட்டை அடைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் சுவர் வயிறு தள்ளி நிற்கும். உடம்பில் இந்த வேலையைச் செய்வது நிணநீர்க் குழாய்கள். அவை ஒரு முனை மூடிய மெல்லிய குழாய்களாகத் திசுக்களுக்குள் தொடங்குகின்றன. சுவரில் உள்ள செல்கள் ஓட்டு வீட்டுக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வெளியே நீர் அழுத்தம் கூடினால் இடுக்கு திறந்து நீர் உள்ளே வரும், உள்ளிருந்து வெளியே போகாது. அதற்கு மேலே போகும் குழாய்களில் சிறு சிறு இடைவெளியில் ஒருவழி வால்வுகள். தண்டவாளத்தில் பிளாக் செக்‌ஷன் மாதிரி, ஒரு பகுதியில் இருப்பது அடுத்த பகுதிக்குப் போகலாம், பின்னால் வர முடியாது.

இந்த வடிகாலுக்கு இருதயம் மாதிரித் தனி பம்ப் கிடையாது. குழாய்ச் சுவரே மெதுவாகச் சுருங்கி விரிகிறது. கெண்டைக்கால் தசை அழுத்துகிறது. மூச்சு இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து மேலே இழுக்கிறது. கிராண்ட் டிரங்கில் சென்னைக்குப் போகும்போது இரவு முழுவதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவருக்குக் காலையில் செருப்பு இறுகுவது இதனால்தான். கெண்டைக்கால் பம்ப் ஓடவில்லை. வண்டி நிற்கும் ஸ்டேஷனில் இறங்கி நாலு தப்படி நடந்தால் சரியாகிவிடும்.

இரண்டு கால்கள், வயிறு, இடது கை, தலையிலும் மார்பிலும் இடது பாதி, இவ்வளவின் நிணநீரும் ஒரே மெயின் லைனில் சேர்ந்து, இடது கழுத்தடியில் பெரிய இரத்த நாளத்தில் கலக்கிறது. வலது கைக்கும் தலை, மார்பின் வலது பாதிக்கும் மட்டும் தனிக் கிளைப் பாதை. குடலில் ஜீரணமான கொழுப்பும் இந்த வழியாகத்தான் போகிறது. 1622-ல் இத்தாலியில் காஸ்பரோ அசெல்லி என்ற மருத்துவர், சாப்பிட்டுச் சற்று நேரமே ஆன நாய் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை நூல்கள் போல ஓடுவதைக் கண்டார். ஒன்றைக் கீறினால் பால்போல் வடிந்தது. நாம் பொங்கலில் ஊற்றும் நெய்யும் அப்படி வெள்ளையாகத்தான் உள்ளே பயணம் செய்கிறது.

வடிகால் மட்டும் என்றால் விஷயம் இத்துடன் முடிந்திருக்கும். இந்தப் பாதை நெடுகச் சோதனைச் சாவடிகள் உண்டு. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிற்றுக்குள் என்று உடம்பு முழுக்கச் சுமார் 600 நிணநீர்க் கணுக்கள். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் பாட்டி தொடை இடுக்கைத் தொட்டுப் பார்த்து "நெறி கட்டியிருக்கு" என்பாளே, அந்த நெறிதான் இது. காயத்தில் புகுந்த கிருமியின் துணுக்குகளை சில செல்கள் பிடித்துக்கொண்டு குழாய் வழியாகக் கணுவுக்கு வருகின்றன. அங்கே வெள்ளை அணுக்கள் காத்திருக்கின்றன. தனக்குப் பொருந்தும் கிருமியை அடையாளம் கண்ட அணு மட்டும் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. அந்தப் பெருக்கத்தில்தான் கணு வீங்கி வலிக்கிறது. 2021-ல் கொரோனா தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குளில் சிலருக்குக் கட்டி தட்டுப்பட்டுப் பயந்தார்களே, அதுவும் உள்ளே நடந்த இந்தப் பயிற்சி வகுப்பே.

வலிக்கும் நெறி பெரும்பாலும் காய்ச்சலும் காயமும் போனபின் வடிந்துவிடும். வலிக்காமல் மூன்று வாரத்துக்கு மேல் இருப்பது, கல்போல் கெட்டியாக இருப்பது, வளர்ந்துகொண்டே போவது, இவற்றைத்தான் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். கழுத்தில் மாலைபோல் வரும் கட்டிகளை நம் முன்னோர் கண்டமாலை என்றார்கள். அதில் பெரும்பாலானவை காசநோய். இன்று மாத்திரையால் குணமாகும். புற்றுநோயும் இதே பாதையில் பரவக்கூடும். மார்பகப் புற்றுக்காக அக்குள் கணுக்களை எடுத்த பெண்களில் சிலருக்குப் பிறகு அந்தக் கை வீங்குவது, அங்கிருந்த வடிகால் சந்திப்பை எடுத்துவிட்டதால்தான். மாதக்கணக்கில், ஏன் வருஷங்கள் கழித்துக்கூட வரலாம். கை கனப்பதாகவோ மோதிரம் இறுகுவதாகவோ தோன்றினால் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். கட்டும் பயிற்சியும் அப்போதுதான் நன்றாகப் பலன் தரும்.

இனி யானைக்காலுக்கு வருவோம். கும்பகோணம் ஒரு காலத்தில் இதற்குப் பேர்போன ஊர். அதனால் நம்மில் பலருக்கு இது ஊரிலேயே விட்டுவிட்டு வந்த வியாதி என்று எண்ணம். இந்தியாவில் இன்று இதன் சுமை அதிகம் உள்ள பகுதிகளில் பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசா ஆகியவற்றோடு நம் கிழக்கு விதர்பமும் சேரும்.

காரணம் நூல்போன்ற ஒரு புழு. வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்க்குள் குடியிருந்து கோடிக்கணக்கில் நுண்புழுக்களைப் போடுகின்றன. அவை இரத்தத்தில் ஓடும். 1872-ல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் அவற்றை மனித இரத்தத்தில் கண்டார். சீனாவின் அமோய் துறைமுகத்தில் இருந்த பாட்ரிக் மேன்சன், 1877-ல் அவை கொசுவின் உடம்பில் வளர்வதைக் காட்டினார். நம் நாட்டில் இந்த நுண்புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒதுங்கி, நள்ளிரவை ஒட்டித் தோலடி இரத்தத்துக்கு வருகின்றன. க்யூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில். என்ன நேரப் பொருத்தம் பாருங்கள், நம் டைம்டேபிள்காரர்களுக்குக்கூட இது கைவராது! யானைக்கால் தடுப்பு ஊழியர்கள் இரத்தம் எடுக்க ராத்திரியில் கதவைத் தட்டியதும் இதனால்தான்.

சாக்கடையில் கந்தல் அடைத்தமாதிரி புழு குழாயை அடைத்துக்கொள்கிறது என்றுதான் நானும் பலரைப்போல் எண்ணியிருந்தேன். விஷயம் வேறு. புழு குடியிருக்கும் இடத்தில் குழாய் அகன்றுபோகிறது. அகன்ற குழாயில் வால்வுகளின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாது. வால்வு மூடாவிட்டால் நீர் கீழே இறங்கிக் காலில் தேங்கும். தேங்கிய காலில் காவல் வேலையும் நடக்காது. விரல் இடுக்கில் ஒரு வெடிப்பு, சேற்றுப்புண், அது போதும். சாதாரண பாக்டீரியா உள்ளே புகுந்து குளிரும் காய்ச்சலுமாகக் கால் சிவந்து எரியும். நாலைந்து நாளில் தணியும். ஆனால் ஒவ்வொரு காய்ச்சலும் இன்னும் சில குழாய்களைக் கெடுத்துவிட்டுப் போகும், தோல் இன்னும் தடிக்கும். காலை யானைக்கால் ஆக்குவதில் புழுவுக்குப் பாதிப் பங்கு என்றால் இந்தக் காய்ச்சல்களுக்குப் பாதிப் பங்கு.

இதில் கவனிக்க வேண்டியது காலம். தொற்று பெரும்பாலும் சிறு வயதிலேயே ஏற்படும். வளர்ந்த புழு ஐந்தாறு வருஷம் உயிரோடு இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆள் நன்றாக நடமாடிக்கொண்டே, இரவில் கொசுவுக்கு நுண்புழுவைக் கொடுத்துக்கொண்டிருப்பார். கால் வீங்கித் தெரியும்போது வால்வுகள் போயிருக்கும். அதைப் பழையபடி ஆக்க மாத்திரை கிடையாது. அதனால்தான் வீக்கம் இல்லாதவரையும் சேர்த்து எல்லோரையும் விழுங்கச் சொல்கிறார்கள். முக்கியமாக நுண்புழுக்களைத்தான் மாத்திரை கொல்லும். கொசுவுக்கு எடுத்துப்போக ஒன்றும் கிடைக்காமல் சில வருஷம் கடந்தால், தொற்றுச் சங்கிலி அறுந்துபோகும். தெருவில் பாதிப் பேர் விழுங்கி மீதிப் பேர் பெட்டிமேல் வைத்தால் சங்கிலி அறாது.

அந்த மாத்திரைகளில் பழையது டி.இ.சி. 1940-களில் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948-ல் நியூயார்க்கில் காலமானார். இதோடு அல்பெண்டசோல் சேர்த்து வருஷம் ஒரு முறை கொடுத்து வந்தார்கள். பிறகு ஐவர்மெக்டினையும் சேர்த்து மூன்று மருந்தாக்கினார்கள். அதை முதலில் தொடங்கிய சில மாவட்டங்களில் நாக்பூரும் ஒன்று, 2019 ஜனவரியில். 2027-க்குள் இந்நோயை ஒழிப்பதென்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. எந்த வட்டாரத்தில் எப்போது மாத்திரை என்பது இரவு இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பொறுத்து மாறும்.

வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையாக நோயுற்றவர்களுக்குத் தர மாட்டார்கள். ஐவர்மெக்டின் எத்தனை என்பதை உயரம் பார்த்துத் தீர்மானிப்பதால் ஊழியர் கையில் அளவுக் கம்பு இருக்கும். சிரிக்க வேண்டாம். விழுங்கியபின் சிலருக்குத் தலைவலி, காய்ச்சல், மயக்கம் வரலாம். இரத்தத்தில் நுண்புழு இருந்து அது சாவதால் வருவது அது பெரும்பாலும். "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று அடுத்த வருஷம் விடுபவர்தான் உண்மையில் அவசியம் விழுங்க வேண்டியவர். தணியாவிட்டால் சுகாதார நிலையத்துக்குப் போகலாம்.

என் துறைக்கு வருகிறேன். க்யூலெக்ஸ் சுத்தமான மழைநீரைவிடக் கெட்ட நீரை விரும்பும் கொசு. தேங்கிய சாக்கடையும் மூடி விரிசல் விட்ட செப்டிக் டேங்கும் அதன் பிரசவ வார்டு. வென்ட் குழாயின் வாயில் ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டினால் போதும், கொசு போக வர முடியாது. பத்து ரூபாய் வேலை. நான் இருந்த காலனிகளில் எல்லாம் கட்டச் சொல்லியிருக்கிறேன். பாதி வீடுகளில் அதை யாரோ கழற்றிக் காய்கறி வடிகட்டப் பயன்படுத்தினார்கள், அது தனிக் கதை. திருக்கோவிலூர்ப் பகுதியில் ஆய்வாளர்கள் கழிவுக் குழிகளில் தெர்மோகோல் மணிகளைக் கொட்டிப் பார்த்தார்கள். அது நீர்மேல் போர்வைபோல் மிதக்கும். கொசுப் புழு மேலே வந்து மூச்சுவிட முடியாது. மாத்திரையோடு இதையும் செய்த கிராமங்களில் பலன் கூடுதலாக இருந்தது.

ஏற்கெனவே வீக்கம் உள்ளவர்கள், வீட்டுப் பெரியவர்களோ வேலைக்கு வரும் அம்மாக்களோ, யாராக இருந்தாலும், அவர்களுக்கும் வழி உண்டு. ஆண்களுக்கு இதே நோயால் வரும் விரைவீக்கத்தை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். வெட்கப்பட்டு வேட்டிக்குள் மறைத்து வருஷக்கணக்கில் துன்பப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கால் வீக்கத்துக்கோ தினமும் இரு வேளை சாதாரண சோப்பும் சாதாரணத் தண்ணீரும். வெந்நீர் வேண்டாம், தேய்க்கும் கல்லும் வேண்டாம். மடிப்பு மடிப்பாக, ஒவ்வொரு விரல் இடுக்காகக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். வெடிப்பு இருந்தால் டாக்டர் சொல்லும் களிம்பு. வெறுங்காலோடு நடக்கக் கூடாது. உட்காரும்போது காலை ஒரு முக்காலிமேல் வைத்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். படுக்கும்போது கால்மாட்டில் பாயின் அடியில் ஒரு மடித்த போர்வை. காய்ச்சல் வந்த நாட்களில் மட்டும் பயிற்சியை நிறுத்திக் காலை ஈரத்துணியால் குளிரவைத்து டாக்டரிடம் போக வேண்டும். இப்படிக் கழுவி வருகிறவர்களுக்குக் காய்ச்சல் வருவது நன்றாகக் குறைந்துவிடுகிறது.