எலக்ட்ரிகல் கடையில் ஒரு மரப்பிசின்

கடைத்தெருவில் 'எலக்ட்ரிகல்ஸ்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஒயர், ஸ்விட்ச், பல்பு எல்லாம் விற்கும் கடை. அந்தப் பெயருக்குள் ஒரு மரப்பிசின் ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

வீட்டில் சாம்பிராணி போடுகிறார்களே, அதுவும் மரத்திலிருந்து வடியும் பிசின்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால், இன்று பால்டிக் கடல் இருக்கும் பக்கத்துக் காடுகளில் மரங்கள் வடித்த பிசின் மண்ணுக்குள் புதைந்து, கல்போல இறுகிப்போனது. தேன் நிறத்தில் பளபளக்கும். சில துண்டுகளுக்குள் அந்தக் காலத்து எறும்பும் கொசுவும் சிறகு கலையாமல் அப்படியே இருக்கும். இதை அம்பர் என்கிறார்கள். பழைய கிரேக்கர்கள் வைத்த பெயர் 'எலெக்ட்ரோன்'.

அம்பரைக் கம்பளியில் தேய்த்தால் அது வைக்கோல் துணுக்குகளை இழுக்கும். ஏறக்குறைய 2600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தேலீஸ் என்ற கிரேக்க அறிஞருக்கே இது தெரியும் என்பார்கள். அதன்பின் வெகுகாலம் அது ஒரு வேடிக்கையாகவே இருந்தது.

அதை அக்கறையோடு ஆராய்ந்தவர் வில்லியம் கில்பர்ட். இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் மருத்துவர். மெல்லிய உலோக ஊசி ஒன்றைக் கூர்முனைமேல் எளிதாகச் சுழலும்படி நிறுத்தினார். ஒவ்வொரு பொருளாகத் தேய்த்துப் பக்கத்தில் கொண்டுபோனார். கண்ணாடிக்கு ஊசி திரும்பியது. கந்தகம், அரக்கு, வைரம் என்று எத்தனையோ பொருள்களுக்கும் திரும்பியது! அம்பருக்கு மட்டுமே உரிய குணம் இல்லை இது. இந்தக் கூட்டத்துக்கெல்லாம் ஒரு பொதுப்பெயர் வேண்டுமே? 1600-ல் வெளிவந்த தம் லத்தீன் நூலில் அவற்றை 'எலக்ட்ரிகா' என்றார். அம்பரைப் போன்றவை என்பது பொருள். 1646-ல் தாமஸ் பிரவுன் என்ற இன்னொரு மருத்துவர் 'எலக்ட்ரிசிட்டி' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதினார். வோல்ட்டா என்ற அறிஞர் தம் பேட்டரியை உலகுக்கு அறிவித்தது 1800-ல். பல்பு வந்தது அதற்கும் பிறகு. சொல் எவ்வளவு முந்திக்கொண்டது பாருங்கள்!

சரி, தேய்த்தால் என்ன நடக்கிறது? அணுக்களின் வெளிப்புறத்தில் இருக்கும் நுண்ணிய துகள்களில் சில கம்பளியிலிருந்து அம்பருக்கு இடம் மாறுகின்றன. அதனால் அம்பரில் மின்னூட்டம் சேர்ந்து துணுக்குகளை இழுக்கிறது. 1891-ல் ஸ்டோனி என்ற அயர்லாந்து அறிஞர் மின்னூட்டத்தின் அடிப்படை அளவுக்கு 'எலக்ட்ரான்' என்று பெயர் வைத்தார். 1897-ல் ஜே.ஜே. தாம்சன் என்ற அறிஞர், இடம் மாறும் அந்த நுண்ணிய துகளைக் கண்டுபிடித்தபின் பெயர் அதற்கே நிலைத்துவிட்டது. அம்பரை இழுக்க வைத்த துகளுக்கு அம்பரின் பெயரே வந்து சேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நம் சொல்லையும் பாருங்கள். மின்னுவது மின்னல், மின்னிப் பறப்பது மின்மினி, அதே 'மின்' சேர்ந்தது மின்சாரம். ஆங்கிலச் சொல் பிசினில் தொடங்கியது. நம் சொல் ஒளியில் தொடங்கியது. வானத்து மின்னலும் தேய்த்தால் வரும் பொறியும் ஒன்றே என்று, 1752-ல் பெஞ்சமின் பிராங்கிளின் என்ற அறிஞர் இடிமேகத்தில் பட்டம் விட்டுக் காட்டினார். மேகத்துக்குள் பனித்துகள்கள் மோதி உரசும்போது மின்னூட்டம் பிரிகிறது. (பட்டச் சோதனையை யாரும் செய்யாதீர்கள். உயிரையே பறித்துவிடும்.)

நீங்கள் கில்பர்ட்டின் ஊசியைச் செய்யலாம். அழிப்பானில் ஒரு குண்டூசியைக் கூர்முனை மேலே இருக்கும்படி செருகுங்கள். ஒரு காகிதப் பட்டையை நடுவில் மடித்து ஊசியின் முனையில் சாய்ந்துவிடாமல் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் சீப்பால் தலையை நன்றாக வாரி, பட்டையின் அருகே கொண்டுபோங்கள். பட்டை சீப்பின் பக்கம் திரும்பும். மழைநாளில் சரியாக வராது. ஈரக்காற்று மின்னூட்டத்தைத் தங்கவிடாது. வெயில் காய்ந்த மதியம், தலைக்கு எண்ணெய் வைக்காத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.