6.2 ஏக்கர் குளமும் ஒரு முகூர்த்தமும்

2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. குரு சிம்ம ராசியில் இருக்க, மாசிப் பௌர்ணமியும் மக நட்சத்திரமும் கூடும் நாள். அப்பா, அம்மாவை எப்படியாவது அழைத்துப்போய் ஒரு முழுக்குப் போட வைத்துவிட வேண்டும் என்று பல வீடுகளில் இப்போதே பேச்சு தொடங்கியிருக்கும். அவர்கள் விடுதி தேடுவதற்கு முன்பு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மகாமகக் குளத்தின் பரப்பு ஏறத்தாழ 6.2 ஏக்கர், அதாவது 25,000 சதுர மீட்டர். படி, தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். ஒரு சதுர மீட்டரில் 4 பேர் நின்றாலே உரசாமல் நகர முடியாது. 6 பேரைத் தாண்டினால் காலை எங்கே வைப்பது என்பதுகூட நம் கையில் இல்லை, கூட்டம் தள்ளுகிற பக்கம் உடம்பு போகும். 4 பேர் என்றே வைத்துக்கொண்டாலும், விளிம்புவரை நிரம்பிய குளத்தில் 1 லட்சம் பேர்தான் கொள்ளும். பெருநாளன்று ஊருக்குள் வருகிறவர்களோ பல லட்சம். இறங்கியவர்கள் எவ்வளவு சீக்கிரம் ஏறிப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தே அங்கே உயிர்கள் நிற்கின்றன.

ஏறுவதுதான் தாமதமாகிறது. குளத்துக்குள்ளேயே கங்கை, யமுனை, காவிரி, குமரி என்று பெயர் தாங்கிய ஏறத்தாழ 20 தீர்த்தக் கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தலையில் தண்ணீர் விட்டுக்கொள்ள வேண்டும் என்று வருகிறவர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போவார்கள். குளித்து ஏறும் அம்மா ஒருவர், காலைச் சுற்றும் ஈரப்புடவையைப் பிழிய மூன்றாவது படியில் நிற்கிறார். கையில் துணிப்பை, பக்கத்தில் பேரக்குழந்தை. அவர் நிற்பது அரை நிமிடம்கூட இருக்காது. பின்னால் ஏறுகிற வரிசை நின்றுவிடுகிறது. கரையில் காத்திருப்பவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நெரிசல் இப்படித்தான் பிறக்கிறது. யாரும் ஓட வேண்டியதில்லை, யாரும் பதற வேண்டியதில்லை.

நெரிசலில் சாகிறவர்களில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே முன்னும் பின்னும் அழுத்தம் ஏறி, மார்பு விரிய இடமில்லாமல், மூச்சு நின்று இறந்துபோகிறார்கள். கூப்பிட்டு உதவி கேட்கவும் காற்று வேண்டுமே.

1992 பிப்ரவரி 18 அன்று இதே குளக்கரையில் ஏறத்தாழ 50 பேர் மாண்டார்கள். அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவும் அன்று அங்கே நீராடினார். நீராட வந்த கூட்டத்தோடு அவரைப் பார்க்க வந்த கூட்டமும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பின் 2004-லும் 2016-லும் மகாமகம் அப்படி ஓர் இழப்பில்லாமல் முடிந்தது. 2016-இல் பிப்ரவரி 13 தொடங்கி 22 வரை விழா நாள்கள் எல்லாவற்றிலும் மக்கள் நீராடினார்கள். கூட்டம் பிரிந்ததால் பிழைத்தோம் என்பது என் முடிவு. இரண்டு முறை நல்லபடியாக நடந்தது என்பதற்காக மூன்றாவது முறை மெத்தனமாக இருந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. 2025 ஜனவரி 29 அன்று, மௌனி அமாவாசை விடியலுக்கு முன், பிரயாக்ராஜ் கும்பமேளாவில் நெரிசலில் 30 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. அங்கே இருப்பது நாலு மூலைக் குளமல்ல, நீண்ட ஆற்றங்கரை. ஆனாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போக விரும்பினார்கள்.

வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் பெருநாளன்று குளத்தில் இறக்காதீர்கள். பத்து நாள் விழாவின் முதல் சில நாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாசி மகம் ஆண்டுதோறும் வருகிறது, அதுவும் புனித நாள்தான். சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கவும், இராமசாமி கோயில் தூண்களில் கை வைத்துச் சிற்பங்களைப் பார்க்கவும், தாராசுரம் கோயிலில் அரைநாள் உட்காரவும் விழா இல்லாத சாதாரண வாரமே நல்லது. குளத்தைச் சுற்றிக் கோவிந்த தீட்சிதர் எழுப்பிய 16 மண்டபங்களையும் அப்போதுதான் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்க முடியும்.

அன்றே போய்த்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் துணிப்பையை விடுதியிலேயே வைத்துவிட்டு வரட்டும். பிரிந்தால் கூடும் இடத்தைக் காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள், செல்போன் இணைப்பு கிடைக்காமல் போகலாம். குழந்தையின் சட்டைப்பையில் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். தோள்கள் நான்கு பக்கமும் இடிபடத் தொடங்கினால் முன்னேறாதீர்கள். கைகளை மார்புக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் வையுங்கள். எதிர்த்துத் தள்ளாமல், தள்ளல் சற்று ஓயும்போதெல்லாம் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். ஆனால் சுவரையோ கம்பி வேலியையோ ஒட்டி நிற்காதீர்கள். செருப்போ சொம்போ விழுந்தால் குனியவே வேண்டாம்.

நிர்வாகம் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. இறங்கும் படி வேறு, ஏறும் படி வேறு என்று முன்கூட்டியே அறிவித்து, அதைக் கடைசிவரை மாற்றாமல் காக்க வேண்டும். கூட்டத்தைக் குளக்கரையில் தடுப்பதில் பயனில்லை. இரயில் நிலையத்திலும் பேருந்து நிறுத்தங்களிலுமே நிறுத்தி நிறுத்தி அனுப்ப வேண்டும். முக்கியப் பிரமுகர்கள் யாரும் பெருநாளன்று குளத்துக்கு வரமாட்டார்கள் என்ற உறுதியை அரசும் கட்சிகளும் 2027 முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும்.