மடிநோயும் கொட்டப்படாத பாலும்

மதுரையைச் சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பகுதிகளின் கூட்டுறவுச் சங்கங்களில் ஊற்றப்படும் பாலுக்குக் கொழுப்பும் இதர திடப்பொருட்களுமே விலையை நிர்ணயிக்கின்றன. அந்தப் பசுவுக்கு முந்தைய வாரம் ஊசி போடப்பட்டதா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. மடிநோய் குறித்த விவாதம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

காம்புத் துவாரம் வழியே பாக்டீரியா நுழைவதால் மடியில் ஏற்படும் அழற்சியே மடிநோய். வீக்கமும் திரிந்த பாலும் கண்ணில் பட்டுவிடும். வெளி அறிகுறியின்றிக் கறவையைக் குறைக்கும் மறைமுக மடிநோயே அதிகம். பெனிசிலின் உள்ளிட்ட ஆன்டிபயாடிக் மருந்துகள் கடுமையான நோயில் மாட்டின் உயிரைக் காக்கின்றன. அவற்றை அறவே ஒதுக்கச் சொல்வது அறியாமை. ஆனால், ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமி மடித்திசுவுக்குள் பதுங்கிவிட்டால் மருந்து அதை அடக்குகிறதே தவிர, பெரும்பாலும் ஒழிப்பதில்லை. மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கிச் செலுத்துவதும், பால் தெளிந்ததும் பாதியில் நிறுத்துவதும் மருந்துக்கு அடங்காத கிருமிகளையே வளர்க்கும்.

ஒரு காம்பில் செலுத்திய மருந்து இரத்தத்தின் வழியே மற்றக் காம்புகளின் பாலிலும் கலக்கலாம். காய்ச்சினாலும் பெனிசிலின் முழுமையாக அழியாது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆபத்து. உறைமோர் ஊற்றிய பால் தயிராகாமல் போவதற்கும் அது காரணமாகலாம். (பழி என்னவோ உறைமோர் மீதுதான் விழும்.) உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் ஆய்வு செய்த 6,432 பால் மாதிரிகளில் 77-இல் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. விகிதம் சிறிதுதான். ஆனால், ஒரு பசுவின் பால் ஊர்ப் பால் முழுவதிலும் கலந்துவிடுகிறது.

விதி இல்லாமல் இல்லை. மருந்தின் மேலுறையில் விலக்குக் காலம் குறிக்கப்பட வேண்டும். குறிக்கப்படாவிடில் பாலுக்குக் குறைந்தது 7 நாள் என்று 2012-இல் திருத்தப்பட்ட மருந்து விதிகள் கூறுகின்றன. நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் பசு, லிட்டருக்கு 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7 நாளில் 1,960 ரூபாய் மண்ணில் கொட்டப்பட வேண்டும். சிகிச்சை நாள்களின் பாலும் மருந்துச் செலவும் தனி. இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்திடம் இதை எதிர்பார்க்கும் சட்டம், அந்த இழப்பை யார் ஏற்பது என்று சொல்லவில்லை.

மருந்தின் தேவையைக் குறைக்கும் வழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மருத்துவ ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் ந.புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நீரில் கரைத்து, மடி முழுவதும் நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் இதைப் பரிந்துரைக்கிறது. நோயின் தொடக்கத்தில் இதற்கு இடமுண்டு. காய்ச்சல் கண்டு தீவனம் மறுக்கும் மாட்டுக்குக் கால்நடை மருத்துவரே தேவை. கறந்தபின் காம்புத் துவாரம் மூட அரைமணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காமலிருக்கத் தீவனம் போடுவது செலவில்லாத தடுப்பு.

எஞ்சுவது இழப்பீடு. கால்நடைக் காப்பீடு மாடு இறந்தால் பணம் தருகிறது. கொட்டிய பாலுக்குத் தருவதில்லை. மருத்துவர் சான்று தரும் நாள்களுக்குப் பால் விலையின் ஒரு பகுதியைச் சங்கமே வழங்கி, குளிரூட்டும் நிலையங்களில் ஆன்டிபயாடிக் சோதனையைக் கட்டாயமாக்கலாம். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். சோதனை மட்டும் வந்தால், அந்தப் பால் சங்கத்துக்குப் போகாமல் நேரே தேநீர்க் கடைக்குப் போய்விடும்.