தோலிற் பற்றிய பசை

பிலாப்பழக் காலத்திலே யாழ்ப்பாணத்து வீடுகளில் நிகழும் ஒரு காட்சி யாவரும் அறிந்ததே. கத்தியை எடுக்குமுன்னர் வீட்டுப் பெரியவர் உள்ளங்கையில் எண்ணெய் வார்த்து, இரு கைகளிலும், விரலிடுக்குகளிலும், கத்தியின் இரு புறத்திலும் பூசிக்கொள்வார். தென்மராட்சியிலிருந்து சந்தைக்கு வந்த பழமாயினும், மானிப்பாயில் ஒரு வீட்டு வளவிற் காய்த்த பழமாயினும் இம்முறையில் வேறுபாடில்லை. எண்ணெயை மறந்து சுளையெடுக்கப் புகுந்த சிறுவனோ, பால் கையிற் பற்றியபின் கிணற்றடிக்கு ஓடி, வாளி வாளியாக நீர் அள்ளித் தேய்ப்பான். பால் போகாது, தோல் சிவந்ததே மிச்சமாகும். பெரியவரின் கை தப்பியதும் சிறுவனின் கை அகப்பட்டதும் எதனால் என்று ஆராயின், ஒட்டும் பொருள்கள் பலவற்றின் இயல்பு தானே விளங்கும்.

பிலாப்பால் பார்வைக்கு நீர்போன்றது. இயல்பினால் நீருக்குப் பகையானது. அதில் இறப்பர் இனத்துப் பொருளும் பிசினும் நுண்ணிய துளிகளாக நீரிலே மிதந்துகொண்டிருக்கின்றன. காற்றுப் பட்டு நீர் உலர, அத்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இழுபடும் பசையாகின்றன. அங்ஙனம் திரண்டபின் நீரால் அவற்றைப் பிரிக்க இயலாது. மனிதத் தோலின் மேற்பரப்போ மழமழப்பானதன்று. இறந்த உயிரணுக்கள் அடுக்கடுக்காகப் படிந்த, வரிகளும் பள்ளங்களும் நிறைந்த நிலம் அது. பசை அப்பள்ளங்களில் இறங்கி உறைந்துவிடுகின்றது. முன்னரே பூசிய எண்ணெய் அப்பள்ளங்களை நிரப்பிக்கொள்வதால், பின்னர் வரும் பாலுக்குப் பற்றிக்கொள்ள இடமில்லாது போகின்றது.

எண்ணெய் காவல்மாத்திரமன்று, மருந்துமாகும். ஒரு பொருள் தன்னை ஒத்த பொருளிலேயே எளிதிற் கரையும் என்பது இரசாயனவியலின் பழைய விதி. உப்பும் சீனியும் நீரிற் கரைவன. பிசினும் இறப்பரும் எண்ணெயில் இளகுவன. ஆகவே பால் பற்றிய கையில் முதலில் தேங்காயெண்ணெயையோ நல்லெண்ணெயையோ தாராளமாகத் தடவிச் சில நிமிடம் பொறுத்திருத்தல் வேண்டும். பசை இளகி உருளத் தொடங்கியதும் உலர்ந்த பழந்துணியால் துடைத்தெடுத்து, அதன்பின்னரே சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுதல் வேண்டும். இவ்வரிசையை மாற்றுவோர் பலர், பயன்பெறாதோரும் அவரே. சவர்க்காரத்தின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறு முனையால் நீரையும் பற்றும் இயல்பினது. எண்ணெயுடன் கலந்த பசையை அது நீரோடு கொண்டுசெல்லும். வறண்டு இறுகிய பசையைத் தனியே நின்று பெயர்க்க அதற்கு வலிமை போதாது.

மண்ணெண்ணெய் விரைவில் வேலைசெய்யும் என்பது உண்மை. ஆனால் அது பசையோடு தோலின் இயற்கை எண்ணெயையும் வாங்கிச் செல்வதால், தோல் வறண்டு வெடிக்கும், எரிவும் உண்டாகும். பெற்றோலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கத்தியைத் துடைக்க மண்ணெண்ணெய் ஆகலாம். அதன்பின் நன்கு கழுவிவிடல் வேண்டும். குழந்தையின் கைக்கு அது ஆகாது.

தைப்பொங்கற் காலத்திற் பட்டம் கட்டும் சிறுவர் கையாளும் நறுவிலிப்பழம், கோதுமைமாப் பசை, வேப்பம் பிசின் ஆகியன வேறினம். இவை நீரை விரும்புவன. இளஞ்சூட்டு நீரிற் கையை ஊறவைத்தால் வேறெதுவும் வேண்டா.

இத்தகைய செய்திகளைத் தமிழிற் சொல்ல முயல்வது மானிப்பாய்க்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே கற்பித்தவர். இரசாயனவியலைக் 'கெமிஸ்தம்' என்னும் பெயரால் 1875இல் அவர் தமிழில் வெளிப்படுத்தினார். அப்பெயர் இன்று வழக்கிழந்தது. எனினும், கிணற்றடியில் நிகழ்வதும் பரிசோதனைச் சாலையில் நிகழ்வதும் ஒரே விதிக்கு அடங்கியன என்பதை மாணவர் தம் மொழியில் அறிதல் வேண்டும் என்ற அவர் கொள்கை வழக்கிழக்கவில்லை.

இனி, இக்காலத்தில் ஒவ்வொரு கடையிலும் சிறு குழாய்களில் விற்கப்படும் உடனொட்டும் பசையைக் கருதுவோம். இதனாலேயே கேடு மிகுதி. இதன் பெயர் சயனோஅக்கிரிலேற்று. 1942ஆம் ஆண்டில், உலகப் போரின்போது, துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிந்த பிளாத்திக்குப் பொருள் தேடிய அமெரிக்க அறிஞர் ஹரி கூவர் குழுவினர் இதனைக் கண்டு, தொட்டதனைத்திலும் ஒட்டுகின்றதென வெறுத்து ஒதுக்கினர். ஒதுக்கியதற்குக் காரணமான குணமே அதன் சிறப்பு என்பதை 1951இல் உணர்ந்தனர். 1958இல் அது விற்பனைக்கு வந்தது.

மற்றைப் பசைகள் உலர்ந்து இறுகுவன. இதுவோ ஈரம் பட்டு இறுகுவது. சிறிதளவு ஈரமே அதன் சிறு மூலக்கூறுகளை நீண்ட சங்கிலிகளாகப் பிணைத்துவிடும். மனிதத் தோலில் எப்பொழுதும் ஈரம் உண்டு. விரலோடு விரல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒட்டிக்கொள்வது இதனாலாம்.

ஒட்டிய விரல்களை இழுத்துப் பிரிக்க முயல்வதே பெரும் பிழை. பசை விடாது, தோல் கிழியும். இளஞ்சூடான சவர்க்கார நீரிற் கையை நெடுநேரம் ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உருட்டுதல்போலப் பிரித்தல் வேண்டும். ஓரங்களில் எண்ணெய் விடுவதும் துணைசெய்யும். நகப்பூச்சை நீக்கும் திரவங்கள் சிலவற்றில் உள்ள அசற்றோன் இப்பசையை இளக்க வல்லது; ஆயின் அது எளிதிற் தீப்பற்றும். அடுப்பும் விளக்கும் உள்ள இடத்தில் அதனைத் திறத்தலாகாது; புண்ணிலும், வாயிலும், கண்ணருகிலும் இடலாகாது. எதுவும் கைகூடாவிடின், பொறுத்திருத்தலே போதும்: தோலின் மேற்படலம் இயல்பாக உதிர்வதால் சில நாளிற் பசையும் உடன் உதிரும். சிந்திய பசையைப் பஞ்சினாலோ பருத்தித் துணியினாலோ துடைத்தல் கூடாது. பஞ்சிற் பட்டதும் அது விரைந்து இறுகி, தோலைச் சுடும் அளவுக்கு வெப்பத்தை வெளிவிடும்.

இப்பசைக்குழாயும் கண்மருந்துக் குப்பியும் உருவிலே ஒத்திருத்தலால், ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் கண்ணில் விட்டோர் உலகின் பல பாகங்களிலும் உளர். பார்வை மங்கிய முதியோர் வாழும் வீடுகளில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது. இமைகள் ஒட்டிவிடின் வலிந்து திறவாமலும், கத்தரிக்கோலைக் கிட்டக் கொணராமலும், எந்தக் கரைப்பானும் இடாமலும், இளஞ்சூட்டு நீரால் நெடுநேரம் கழுவி, ஈரமான தூய துணியால் மூடித் தாமதியாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். ஒட்டிய இமைகள் பெரும்பாலும் ஒன்றுமுதல் நான்கு நாளுள் தாமே பிரியும். உள்ளே கருவிழி கீறுபட்டதா என்பதை மருத்துவரே பார்த்துத் துணிதல் வேண்டும்.