விடுபட்ட கோணம் எங்கே?

க்ஷேத்திர கணிதத்தில் விடுபட்ட கோணத்தைக் காணத் திணறும் மாணாக்கனுக்கு, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்னும் சூத்திரம் பெரும்பாலும் மனப்பாடமாகவே இருக்கும். அது ஏன் என்பதை அவன் கண்ணாரக் கண்டதில்லையாதலால், படம் சற்றே திரும்பியவுடன் திகைப்பு உண்டாகிவிடுகிறது.

மான்ட்ரியாலில் வளரும் பிள்ளைக்கு இதை விளக்க, 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கென எழுந்த அரங்கத்தின்மேல், 165 மீட்டர் உயரத்துக்கு 45 பாகை சாய்ந்து நிற்கும் கோபுரமே உத்தமமான சாதனம். அச்சாய்வை ஒரு நேர்கோடாகத் தாளில் வரைந்து, உச்சியிலிருந்து தரைக்குத் தூக்குநூல் விட்டதுபோல் மற்றொரு கோடு இறக்கினால், அடியில் 45 பாகையும், நூல் தரையைத் தொடுமிடத்தில் 90 பாகையும் கொண்ட முக்கோணம் அமையும். விடுபட்டது உச்சிக் கோணம் ஒன்றே.

இப்போது உச்சியின் வழியே தரைக்கு இணையாக ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கீழேயுள்ள இரு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக உச்சியின் இரு பக்கங்களிலும் வந்து அமர, நடுவே எஞ்சுவதே நாம் தேடும் கோணம். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோட்டை நிரப்புவதால் 180 என்பது பிரத்தியட்சமாகி, விடை 45 என்று தானே வெளிப்படுகிறது. கோபுரம் மறுபுறத்துத் தரையோடு ஆக்கும் கோணம் எவ்வளவு என்று அடுத்து வினவினால், 135 என்று அவனே தயங்காமல் சொல்வான்.