நோயில்லாதவருக்கு மருந்து

ஒரு வீட்டில் ஒருவருக்குச் சயரோகம் என்று சளிப் பரிசோதனையில் உறுதியானதும், சுற்றத்தாரின் கவலையெல்லாம் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியே பிரித்து வைப்பதில்தான் முதலில் போய் நிற்கும். காற்றின் வழியே பரவும் கிருமிக்குத் தட்டும் டம்ளரும் ஒரு பொருட்டல்ல என்பது ஒருபுறமிருக்க, அவர் இருமத் தொடங்கி, அதைச் சாதாரணச் சளியென்று எண்ணிக் கஷாயம் குடித்து, கடைசியில் வைத்தியரிடம் போய்ச் சேர்வதற்குள் கழிந்துவிட்ட வாரங்களிலேயே, உடனுறங்கிய குழந்தைகளும் பெரியவர்களும் அக்கிருமியைச் சுவாசித்திருக்கக் கூடும்.

இவ்வுண்மையை எடுத்துக்காட்டியதில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தார், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்து, இரு சாராரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுக் காலம் கவனித்து வந்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததனால் குடும்பத்துக்கு அதிகப்படியான ஆபத்து நேரவில்லை. நேர்ந்த தீங்கில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்குமுன்பே நேர்ந்துவிட்டிருந்தது.

ஆயினும் கிருமி புகுந்தவரெல்லாம் நோயாளியாவதில்லை. உலக ஜனங்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் சரீரத்தில் அது உறங்கிக் கிடப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் என்றேனும் நோய் வெளிப்படும், அதுவும் பெரும்பாலும் தொற்றிய முதலிரண்டு ஆண்டுகளுக்குள். சிறு குழந்தைகளுக்கும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், ஊட்டமற்றவர்களுக்கும் அபாயம் மிகுதி.

அந்தச் சிலர் யாவர் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை இன்றுவரை இல்லை. 1890-ல் ராபர்ட் காக் சயரோகத்துக்கு மருந்தென்று அறிவித்து, மருந்தாக முற்றிலும் தோற்றுப்போன ட்யூபர்குலினையே, 1908-ல் பிரெஞ்சு வைத்தியர் மாண்டூ முன்கைத் தோலுக்குள் ஊசியால் ஏற்றிப் பரிசோதனையாக்கினார். இரண்டு மூன்று நாள் கழித்து அவ்விடத்துத் தடிப்பைத் தடவி அளக்க வேண்டுமே தவிர, சிவப்பைக் கண்டு மிரள்வது வீண். பி.சி.ஜி. ஊசி போட்டவர்களிடமும் தடிப்புத் தோன்றக்கூடும் என்னும் குறையைப் பிற்காலத்து இரத்தப் பரிசோதனை நீக்கியது. ஆனால் இவ்விரண்டும், இந்தச் சரீரம் அக்கிருமியை அறிந்திருக்கிறது என்று சொல்லுமேயன்றி, அது உறங்குகிறதா விழித்துவிட்டதா என்று சொல்லமாட்டா. ஆகவேதான் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை இவற்றை விசாரித்து, கூடுமானவரை மார்பு எக்ஸ்ரேயும் எடுத்து, நோய் இல்லையென்று தெளிந்த பின்னரே தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். உள்ளே நோய் முற்றியிருக்க ஒற்றை மருந்தைக் கொடுத்தால், கிருமி அம்மருந்துக்கு அடங்காததாகிவிடும்.

நோயற்றவருக்கு மருந்து பலிக்குமா என்னும் கேள்விக்கு விடை அலாஸ்காவிலிருந்து வந்தது. சயரோகம் சொல்லி மாளாதபடி மலிந்திருந்த பெத்தல் வட்டாரத்துப் பழங்குடிக் கிராமங்களில், 1957-ல் தொடங்கி, ஜார்ஜ் காம்ஸ்டாக் என்பவர் சில வீடுகளுக்கு ஐசோனியசிட்டும் சில வீடுகளுக்கு மருந்தற்ற மாத்திரையும் ஓராண்டுக்குக் கொடுத்துப் பார்த்தார். மருந்துண்டவர்களிடையே நோய் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அப்பலன் 15 ஆண்டுகளுக்கு மேலும் நிலைத்தது. வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கும் பிற்பாடு மெய்யான மருந்து வழங்கப்பட்டது என்பதை, ஆராய்ச்சியின் முடிவைவிட உயர்வாக மதிக்கத் தோன்றுகிறது.

நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குமே பெரும்பாலும் கிடைத்துவந்த இச்சிகிச்சை, 2021-ல் வெளியான வழிகாட்டுதலின்படி வீட்டிலுள்ள எல்லா வயதினருக்கும் விரிக்கப்பட்டது. ஆறு மாதம் அன்றாடம் ஐசோனியசிட் உண்பது ஒரு முறை. அதனோடு ரிஃபாபென்டின் சேர்த்து வாரம் ஒரு வேளையாகப் பன்னிரண்டு வாரம் உண்பது மற்றொன்று. நோயாளிக்காவது இருமல் மாத்திரையை நினைவூட்டும், இவருக்கோ உடம்பில் ஒரு குறையுமில்லை, "எனக்கு எதற்கு?" என்னும் கேள்விதான் உண்டு. அதற்குப் பொறுமையோடு பதில் சொல்லும் சுகாதாரப் பணியாளர் இல்லாத ஊரில், மாத்திரை அட்டை பரண்மேல் போய்விடும். வாரமருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கண் மஞ்சளித்தாலோ, குமட்டலும் வாந்தியும் நின்றபாடில்லை என்றாலோ, கல்லீரல் தாக்குண்டிருக்கக்கூடும் என்பதால், மாத்திரையை உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லியாக வேண்டும்.