இரண்டு மணி நேரமா, எட்டு பஞ்சரா?

மும்பையிலிருந்து புறப்படும் 600 கிலோமீட்டர் பி.ஆர்.எம். எனும் நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குக் கெடு 40 மணி நேரம். இது பந்தயமல்ல. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். ஆனால் கெடு தாண்டிவிட்டால் அந்தப் பயணம் கணக்கில் சேராது. வழியில் வருகையைப் பதியும் கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு இடையில் உதவி வண்டி கூட வரக்கூடாது. சைக்கிளுக்கு எது நேர்ந்தாலும் ஓட்டுகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும். பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் வகுத்த இந்த விதிகளின்படி இங்கே ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் பயணங்களை நடத்துகிறது. முதன்முறை பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: சட்டென்று உருளும் மெல்லிய டயரா, பஞ்சருக்கு அசையாத தடித்த டயரா?

டயர் தரையைத் தொடும் இடம் மிகச் சிறியது. பின்சக்கரத்தில் 50 கிலோ இறங்கி, உள்ளே 70 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் சுமார் 10 சதுர சென்டிமீட்டர்தான். சக்கரம் உருள உருள, ரப்பரின் ஒவ்வொரு பகுதியும் அந்த இடத்துக்கு வந்து நசுங்கி, விலகும்போது நிமிர்கிறது. 600 கிலோமீட்டரில் சக்கரம் ஏறத்தாழ 2,85,000 முறை சுற்றும். கீழே போட்ட ரப்பர் பந்து போட்ட உயரத்துக்குத் திரும்பி எழும்புவதில்லை அல்லவா? டயரும் அப்படித்தான், நசுக்கக் கொடுத்த சக்தியை முழுதாகத் திருப்பித் தராது. மிச்சம் வெப்பமாகிப் போய்விடும். அது அத்தனையும் நம் தொடை கொடுத்த சக்தி.

ரப்பர் தடிக்கத் தடிக்க இந்த இழப்பு கூடும். ஆனால் ஆணியையும் கண்ணாடியையும் தடுப்பதும் அதே தடிமன்தான். சிக்கல் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, காற்று வீசாத சமதரை, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். இந்த இழப்பை அளக்கும் உருளுதடைக் குணகம் நல்ல பந்தய டயருக்கு 0.004 அளவில் இருக்கும். தடித்த பாதுகாப்பு டயருக்கு 0.007 வரை போகும். முதலாவது நம்மிடமிருந்து 23 வாட் எடுக்கும், இரண்டாவது 40 வாட். முன்னால் உள்ள காற்றைக் கிழிக்க இரண்டுக்குமே சுமார் 70 வாட் வேண்டும். அதே உழைப்பில் தடித்த டயர்க்காரர் மணிக்கு 23 கிலோமீட்டர்தான் போவார். 600 கிலோமீட்டருக்கு அவருக்கு 26 மணி நேரம், மற்றவருக்கு 24. இருட்டில் ஒரு ட்யூப் மாற்ற 15 நிமிடம் என்றால், அந்த இரண்டு மணி நேரம் எட்டு பஞ்சருக்குச் சமம். ஒரே பயணத்தில் எட்டு பஞ்சர் யாருக்கும் எளிதில் வராது. ஆக, தடித்த டயர் தோற்றது என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும்.

சாலை அப்படி முடிக்க விடுவதில்லை. செம்பூர், மான்குர்ட் தாண்டி வாஷி பாலம் ஏறியதும் நமக்குக் கிடைப்பது நெடுஞ்சாலையின் ஓரம். கண்ணாடிச் சில்லும் ஆணியும் அங்கே உண்டு. ஆனால் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் அதிகம் அஞ்சுவது, கண்ணுக்கே தெரியாத கம்பி இழைக்குத்தான். லாரிகளின் ரேடியல் டயருக்குள் எஃகு இழைகளால் ஆன பட்டைகள் இருக்கும். டயர் வெடித்துச் சிதறும்போது மிக மெல்லிய அந்த இழைகள் ஓரமெல்லாம் கொட்டிவிடும். இழை ரப்பருக்குள் புகுந்தால் காற்று மெல்லத்தான் இறங்கும். அதைக் கண்டுபிடிக்காமல் ட்யூபை மட்டும் மாற்றினால், புது ட்யூபும் அதே இடத்தில் குத்துப்படும். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தே ஆக வேண்டும். மழைக்காலம் இன்னும் மோசம். ரப்பரை வெட்டுகிறவர்கள் கத்தியை நனைத்துக்கொள்வார்கள். ஈரம் வழுக்கலைத் தந்து வெட்டை எளிதாக்கும். ஜூலையில் ஈரக் கண்ணாடிச் சில்லும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கனமும் வேண்டாம், காவலும் வேண்டும் என்ற இந்த ஆசைக்கு வேதியியலில் ஓர் அருமையான வரலாறு உண்டு. 1960களில் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர், கார் டயர்களை இலேசாக்கிப் பெட்ரோலை மிச்சப்படுத்தும் நார் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். 1965-இல் அவருக்குக் கிடைத்த கரைசல் நீர்த்துப்போய், கலங்கலாக இருந்தது. கெட்டுப்போனதாகக் கருதிக் கொட்டிவிட வேண்டியது. அதை நூற்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவரும் துளைகள் அடைத்துவிடும் என்று முதலில் மறுத்தார். குவோலெக் விடவில்லை. நூற்றுப் பார்த்தபோது, அதே எடையுள்ள எஃகைவிட ஐந்து மடங்கு வலிமையான நார் வந்தது. அதுதான் கெவ்லார். குண்டு துளைக்காத உடுப்பால் அது புகழ்பெற்றது. பிறந்த காரணம் என்னவோ டயர். இன்று பல சைக்கிள் டயர்களின் ரப்பருக்குக் கீழே மெல்லிய பட்டையாகப் பதிவது இதுவும் இதையொத்த நார்களும்தான். 5 மில்லிமீட்டர் ரப்பர் அடுக்கு வைத்த டயர்களின் காவலை முழுதாகத் தராவிட்டாலும் பெரும்பகுதியைத் தந்துவிடும். இத்தகைய டயரின் குணகம் 0.005 என்றால், 600 கிலோமீட்டரில் நாம் இழப்பது 40 நிமிடம்தான்.

கடிகாரமே இல்லாதவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. 1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். அடி ஹகீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் சுமார் 71,000 கிலோமீட்டர் சுற்றி 1928 மார்ச்சில் திரும்பி வந்தார்கள். அத்தகைய பயணத்துக்கு உழைக்கும் டயர்தான் சரி. தாராவியிலிருந்து இட்லி அடுக்கோடு விடியலில் கிளம்பும் நம் ஊர்க்காரர்களின் சைக்கிளுக்கும் அதுவே சரி. சுமை ஏறும், வேகம் தேவையில்லை, பஞ்சரானால் அன்றைய வியாபாரமே போகும்.

கடிகாரம் உள்ளவர்கள் 1891-இல் நடந்த முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தைப் பார்க்க வேண்டும். தூரம் 1,200 கிலோமீட்டர். வென்றவர் சார்ல் டெர்ரான்ட். 71 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. அவர் பூட்டியிருந்தது மிஷலின் சகோதரர்கள் புதிதாகச் செய்த, ரிம்மிலிருந்து கழற்றக்கூடிய டயர். வழியில் அவருக்கும் பஞ்சர் ஆனது. அதற்கு முந்தைய டயர்கள் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்ததால் கழற்றி ஒட்ட மணிக்கணக்கில் ஆகும். இவர் கழற்றி, ஒட்டி, மாட்டிக்கொண்டு போய்விட்டார். வேகம், உழைப்பு என்ற இரண்டோடு கைக்கு அடங்குவது என்ற மூன்றாவது குணமும் டயருக்கு உண்டு. தடித்த டயர்களில் சில, பகலிலேயே இரண்டு லீவர் போட்டாலும் ரிம்மை விட்டு வர அடம்பிடிக்கும். அதிகாலை மூன்று மணிக்கு, விரல் மரத்துப்போன நிலையில், கசாரா மலைப்பாதையில் அதோடு மல்லுக்கட்டுவது கொடுமை.

ஆகவே மும்பைச் சாலைக்கு என் முடிவு இது: நார்ப் பட்டை வைத்த நடுத்தர டயர், அகலம் 28 அல்லது 32 மில்லிமீட்டர். காற்றைக் கல்லாக அடைக்க வேண்டாம். கரடான சாலையில் மிக இறுகிய டயர் நம்மையே குலுக்கி, சக்தியை உடம்புக்குள் வீணடிக்கும். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து: குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் சிக்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். பாரம் அதிகம் இறங்குவதால் பின்டயர்தான் முதலில் தேயும். தேய்ந்ததை முன்னால் மாட்டாதீர்கள்; இறக்கத்தில் முன்டயர் காற்றுப் போனால் சைக்கிளைப் பிடித்து நிறுத்துவது மிகக் கடினம். எந்த டயர் வாங்கினாலும், பயணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் உட்கார்ந்து பின்சக்கரத்தை நீங்களே ஒருமுறை கழற்றி, ட்யூபை மாற்றி, திரும்ப மாட்டிப் பாருங்கள். அது முடியவில்லை என்றால் அந்த டயரோடு 600 போகாதீர்கள்.